செருப்பைக் கழற்றும் இடம்

பாப்பா, உனக்கு வழிகாட்டி லைசன்ஸ் வந்துவிட்டதாக உன் அப்பா போனில் சொன்னான். கழுத்தில் அட்டை மாட்டி நீ எடுத்துக்கொண்ட படத்தையும் அனுப்பினான். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் கண்ணாடி முன் நின்று அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். கோட்டை எந்த வருஷம், கோயில் எந்த வருஷம் என்பதெல்லாம் என்னைவிட உனக்கு நன்றாக மனப்பாடம் இருக்கும். ஆகையால் அதை விட்டுவிடுகிறேன். இந்தப் பினாங்கு ஜார்ஜ் டவுன் தெருக்களில் நான் எங்கெங்கே சறுக்கினேன் என்று மட்டும் எழுதுகிறேன். நீயும் சறுக்கத்தான் போகிறாய். வழுக்குகிற இடம் தெரிந்திருந்தால் அடி கொஞ்சம் குறையும்.

1. கதவு திறந்திருந்தால் உள்ளே எட்டிப் பார்க்கலாம் என்று எண்ணாதே. என் முதல் வருஷத்தில் இருபது பேரை வெல்ட் கீ பக்கம் சியூ என்ற சீனக் குலத்தாரின் படகுத்துறைக்குக் கூட்டிப் போனேன். கடலுக்கு மேல் கால் நட்டுப் பலகை பாவிய வீடுகள். லிம், தான், லீ என்று ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு துறை. பலகை நடை மேலே இருபது பேர் நடந்தால் வீட்டுக்குள் தட்டுமுட்டுச் சாமான் ஆடும் என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. ஒரு பாட்டி வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டி, ‘இதுதான் அந்தக் காலத்து வாழ்க்கை’ என்று சத்தமாகச் சொன்னேன். பத்துக் கேமரா ஒரே நேரத்தில் உயர்ந்தது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. இறால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே அவருடைய ரப்பர் செருப்பு மட்டும் கிடந்தது.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. அந்தக் காலத்து வாழ்க்கை என்று நான் காட்டியது அவருடைய அன்றைய மத்தியானச் சமையலை. மறுநாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றேன். பழத்தை வாங்கிக்கொண்டு ஹொக்கியனில் ஒரே வாக்கியம் சொன்னார்: அடுத்த முறை முதலில் கேள். அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் கேட்டுக்கொண்டுதான் போனேன். சில நாள் கையை ஆட்டி வேண்டாம் என்பார். அன்றைக்கு வந்தவர்களை அப்படியே திருப்பிக் கூட்டி வந்துவிடுவேன்.

2. ‘சொல்வார்கள்’ என்ற சொல்லைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள். கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் 1786இல் இங்கே இறங்கியபோது காட்டை வெட்ட ஆள் வரவில்லை, பீரங்கியில் வெள்ளிக் காசை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார், காசு பொறுக்க வந்தவர்கள் காட்டை வெட்டிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. நான் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் மாதிரி சொல்வேன். ‘டமார்’ என்று வாயாலேயே வெடியும் போடுவேன். ஒருநாள் கூட்டத்தில் ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார் ஒருவர் இருந்தார். எல்லாரும் கைதட்டி முடித்த பிறகு, காதோரம் வந்து, ‘இதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா தம்பி?’ என்றார். எனக்குத் தெரியவில்லை. ‘கதை நன்றாயிருக்கிறது. கதை என்று சொல்லியே கொடுங்கள், சுவை குறையாது’ என்றார். உண்மைதான், குறையவே இல்லை. கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் லைட்டின் சிலையைப் பார், 1936இல் செய்தது. லைட்டின் படம் எதுவும் கிடைக்காததால் அவர் மகன் வில்லியமின் முகச்சாயலில் வார்த்தார்கள் என்று சொல்வார்கள். மகன் முகத்தோடு நிற்கும் அப்பா. இதைச் சொல்லிவிட்டு யாரும் சிரிக்காத நாளை நான் பார்த்ததில்லை.

3. இந்தத் தீவு வெறும் காடாகக் கிடந்தது என்று மட்டும் சொல்லிவிடாதே. பல வருஷம் நான் அப்படித்தான் தொடங்கினேன், ஏனென்றால் அதுதான் தொடங்குவதற்குச் சுலபம். பத்து உபான் பக்கம் லைட் வருவதற்கு முன்பே மலாய்க் குடும்பங்கள் இருந்தன. தீவு கெடா சுல்தானுடையது. சயாம் படை வந்தால் கம்பெனி துணை நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் சுல்தான் அப்துல்லா இடம் கொடுத்தார். லைட் அந்த நம்பிக்கையை வளரவிட்டார். கம்பெனியோ அப்படி ஒரு வாக்கும் தரவில்லை. 1791இல் சுல்தான் தீவைத் திரும்பப் பிடிக்கப் பார்த்தார், தோற்றார். வருஷத்துக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று உடன்படிக்கை எழுதி முடித்தார்கள். இதையும் கோட்டை நிழலிலேயே சொல். அந்தக் கோட்டை ஒரு போரையும் பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.

4. இனி எழுதுவது எனக்கு இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது.

கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் வாசலில் ஒரு குடும்பம். ஈப்போவிலிருந்து வந்தவர்கள், நம்மவர்கள். பத்து வயதுப் பையன் ஒருவன் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தான். ‘அங்கிள், ஸ்கூல்ல என்னை இந்தப் பேரச் சொல்லித்தான் கிண்டல் பண்றாங்க. இங்க எதுக்கு போர்டுல எழுதி வச்சிருக்காங்க?’ அப்பாவும் அம்மாவும் வேறு பக்கம் பார்த்தார்கள். நானும் அதையேதான் செய்தேன். ‘அது பழைய பேரு தம்பி. வா, அந்த மினாராவைப் பாரு, எவ்ளோ உயரம்!’ பையன் மினாராவைப் பார்த்தான். என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. அந்தச் சுற்று முடியும்வரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அவனுக்கு இப்போது முப்பது வயது தாண்டியிருக்கும். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை நான் எத்தனையோ முறை குளியலறையில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கலிங்கம் என்ற பழைய நாட்டின் பெயரிலிருந்து வந்த சொல் என்பார்கள். கடல் தாண்டி வந்த தென்னிந்தியர்களை இந்தப் பக்கத்தில் அப்படித்தான் அழைத்தார்கள், அழைத்தவர் மனதில் அப்போது கசப்பில்லை. கப்பித்தான் என்றால் அந்தச் சமூகத்துக்குத் தலைவர் என்று கம்பெனி ஏற்றுக்கொண்டவர். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன் மரைக்காயருக்கு அது பதவிப் பெயர். 1801 வாக்கில் அவர் எழுப்பிய பள்ளிவாசல் இது. பின்னால் வந்தவர்கள் வாயில் அதே சொல் வசவாகிவிட்டது. பலகையில் இருப்பது அவர் பெயர் தம்பி, உன்னைக் கிண்டல் செய்கிறவர்களின் சொல் அல்ல. இதைச் சொல்ல ஒன்றரை நிமிஷம்கூட ஆகாது. எனக்கு அன்று தைரியம் வரவில்லை.

உன்னிடம் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். கோபப்படாமல், கூச்சப்படாமல், கேட்டவர் கண்ணைப் பார்த்துச் சொல். குழந்தை கேட்டால் குனிந்து உட்கார்ந்து சொல்.

5. உன் கூட்டத்தில் உன்னைவிட அதிகம் அறிந்தவர் ஒருவர் எப்போதும் இருப்பார். அவர் பெரும்பாலும் பேசமாட்டார். பாடாங் கோத்தா கடலோரத்தில் நின்று நான் ஜப்பான்காரன் குண்டு போட்ட கதையைச் சொல்வது வழக்கம். 1941 டிசம்பர் 11. விமானம் வந்தபோது ஜனங்கள் பதுங்கவில்லை, வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த சில நாளில் வெள்ளைக்கார அதிகாரிகள் ஐரோப்பியர்களை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு இரவில் போய்விட்டார்கள். ஊரை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து, பத்திரிகை ஆசிரியர், கோட்டைக்குப் போய் ஆங்கிலேயக் கொடியை இறக்கினார், இனி குண்டு விழக்கூடாதென்று. இந்த இடம் வரும்போது என் குரலே மாறிவிடும். நம்மவர் கதை அல்லவா.

ஒருமுறை ஆஸ்திரேலியாவிலிருந்து பேத்தியோடு வந்த சீனப் பாட்டி ஒருவர் நடுவில் இரண்டு முறை பேச வாய் திறந்தார். நான் நிறுத்தவில்லை. வெள்ளம் மாதிரி போய்க்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்து வண்டியில் ஏறும்போது பேத்தி சொன்னாள், பாட்டி அன்றைக்குத் தன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சந்தையில் நின்றிருந்தாராம். நான் ஓடிப்போய், ‘சொல்லுங்கள் அம்மா’ என்றேன். என் கையைத் தட்டிக் கொடுத்து, ‘நீ நன்றாகச் சொன்னாய்’ என்றார். வண்டி கிளம்பிவிட்டது. அந்தக் கதை எனக்குக் கிடைக்கவே இல்லை. அதிலிருந்து அந்தக் கடலோரத்தில் முதலில் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்: இங்கே யாருக்காவது, அல்லது உங்கள் வீட்டில் யாருக்காவது, அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா?

6. ஒற்றுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்யாதே. செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818, குவான் யின் கோயில், குவீன் தெருவில் நம் மாரியம்மன் 1833, கப்பித்தான் பள்ளிவாசல், அங்கிருந்து நடந்தால் லெபோ ஆச்சே பள்ளிவாசல் 1808. எல்லாம் சேர்ந்து கால் மணி நேர நடைதான். ‘நல்லிணக்கத் தெரு’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். வெளியூர்க்காரர் கண்ணில் நீர் வரும்படி இதைப் பேச முடியும். நானும் பேசி நல்ல டிப்ஸ் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் 1867இல் இதே தெருக்களில் பத்து நாள் வெட்டும் குத்தும் நடந்தது. அதிலும் ஒரு விசித்திரம் பார். சீனர் ஒரு பக்கம், மலாய்க்காரர் ஒரு பக்கம் என்று இல்லை. கீ ஹின் ரகசியச் சங்கத்துச் சீனர்களோடு வெள்ளைக்கொடிச் சங்கத்து முஸ்லிம்கள், துவா பெக் கோங் சங்கத்துச் சீனர்களோடு சிவப்புக்கொடிச் சங்கத்து முஸ்லிம்கள். நட்பும் கலந்திருந்தது, பகையும் கலந்திருந்தது. இந்த ஊரில் சண்டையைக்கூட யாரும் தனியாகப் போடவில்லை. இதை நான் சொல்ல ஆரம்பித்த பிறகு டிப்ஸ் குறைந்தது, கேள்வி கூடியது.

இணக்கம் எங்கே என்று கேட்பவர்களைத் தைப்பூசத்துக்கு முதல் நாள் வரச் சொல். செட்டியார்களின் வெள்ளி ரதம் கிளம்புகிற காலையில் தெருவில் தேங்காயைக் குன்றாகக் குவித்துக் காத்து நிற்பவர்களில் சீனக் குடும்பங்கள் எத்தனை என்று அவர்களே எண்ணிக்கொள்ளட்டும். அந்தத் தேங்காய்த் தண்ணீர் காலில் தெறிக்கும்போது நீ வாயே திறக்க வேண்டாம்.

7. கமிஷன். நேராகவே சொல்கிறேன், நான் வாங்கியிருக்கிறேன். மருந்தெண்ணெயும் ஜாதிக்காய்த் தைலமும் விற்கிற ஒரு கடை, பெயர் வேண்டாம். ஆள் கூட்டிப் போனால் விற்றதில் ஒரு பங்கு. திருச்சியிலிருந்து வந்த ஒரு அம்மா, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் சேர்த்துப் பை நிறைய வாங்கினார். மறுநாள் அதே பாட்டிலைச் சந்தையில் பாதி விலைக்குப் பார்த்துவிட்டார். கத்தவில்லை. ‘தம்பி, இதுல உனக்கு எவ்வளவு கிடைச்சுது?’ என்று மட்டும் கேட்டார். நான் தொகையைச் சொன்னேன். பொய் சொல்ல நாக்கு வரவில்லை. ‘அதை என்கிட்டயே கூலியோட சேர்த்துக் கேட்டிருக்கலாமே, குடுத்திருப்பேனே’ என்றார். அன்று சாயங்காலமே உன் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு என் கட்டணத்தைக் கூட்டினேன். ஆறு மாதம் வேலை குறைந்தது. பெரியம்மா முணுமுணுத்தாள். பிறகு சரியாயிற்று.

8. சாப்பாட்டுச் சண்டையில் தலையிடாதே. எந்த நாசி கண்டார் கடை நல்ல கடை என்று எல்லாரும் கேட்பார்கள். ஒன்றைச் சொன்னால் மற்றக் கடைக்காரர் உன்னை மறக்கமாட்டார். கடைக்குப் பதிலாகக் கதையைக் கொடு. தோளில் கழி, ஒரு முனையில் சோறு, மறு முனையில் கறி என்று நம் தமிழ் முஸ்லிம்கள் தெருத்தெருவாகச் சுமந்து விற்றதால் வந்த பெயர் அது. உன் தாத்தா ராஜுலா கப்பலில் வந்து இறங்கித் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். விடிகாலையில் அந்தக் கழிக்கார மாமாவிடம் குழம்பு மிதக்க மிதக்க வாங்கிக் குந்திச் சாப்பிட்டதைச் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அதற்கு ‘குவா பஞ்சிர்’ என்று ஸ்டைலாகச் சொல்கிறார்கள். குழம்பு வெள்ளம்.

9. தண்ணீர், குடை, தலைமூடத் துணி நாலைந்து, கழிவறை எங்கெங்கே என்ற ஞாபகம். கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவர் பக்கத்தில் நட, முன்னால் ஓடாதே. இதற்குமேல் இதில் ஒன்றுமில்லை.

10. சுவர் ஓவியத்தைப் பார்த்து முகம் சுளிக்காதே. ஆர்மீனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் இரண்டு பிள்ளைகள், 2012இல் லித்துவேனியாக்காரர் எர்னஸ்ட் ஸகரெவிச் வரைந்தது. அதே தெருவில் 120ஆம் எண் வீட்டில்தான் சன் யாட் சென் 1910இல் புரட்சிக்குத் திட்டம் போட்டார். அதைப் பார்க்காமல் ஜனங்கள் சைக்கிள் முன்னால் வரிசை நிற்கிறார்களே என்று எனக்கு வயிற்றெரிச்சல். குத்தலாகவும் பேசியிருக்கிறேன். ஒருநாள் வரிசையில் நின்ற ஒரு பெரியவர், தன் தங்கையை இப்படித்தான் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் போவேன் என்று சொல்லி, அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். நான் அதோடு வாயை மூடிக்கொண்டேன். அவர் தங்கையைப் பற்றிக் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

11. இருப்பதைக் காட்டும்போது போனதையும் ஒரு வரி சொல். 2008 ஜூலை 7இல் மலாக்காவோடு சேர்த்து நம் ஊரையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். நான் தெருவில் நின்று ஆடாத குறைதான். ஆனால் அதற்கு முன்பே, 2000 ஜனவரி 1இல் வாடகைக் கட்டுப்பாடு எடுபட்டுப்போயிருந்தது. முப்பது நாற்பது வருஷமாகச் சொற்ப வாடகையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். எனக்குத் தெரிந்த கடிகாரம் ரிப்பேர் செய்கிற ஒருவர், ஐந்தடி நடைபாதையில் ஒரு கண்ணாடிப் பெட்டிதான் அவர் கடை. நான் கூட்டத்தோடு போகும்போதெல்லாம் கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே தலையை ஆட்டுவார். ஒருநாள் பெட்டி இல்லை. சுவரில் அது சாய்ந்திருந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு வெளுக்காமல் ஒரு சதுரம். நான் அவர் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை பாப்பா. பன்னிரண்டு வருஷம் தலையாட்டியிருக்கிறேன். இப்போது அங்கே காபிக் கடை. கோப்பி நன்றாகத்தான் போடுகிறார்கள்.

ஆகவே உன் வழியில் இருக்கிற ஒவ்வொருவர் பெயரையும் கேள். பேச்சா என்ற சைக்கிள் ரிக்‌ஷாவை மிதிக்கும் கிழவர், பூமாலை கட்டும் அக்கா, ஊதுபத்திக் கடை முதலாளி, எல்லாரும். வேலையில்லாத நாளில், அட்டை மாட்டாமல், அந்தத் தெருக்களில் சும்மா போய் உட்கார்.

12. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு செயிண்ட் ஜார்ஜ் வாசலில் நிற்கிறேன். வெயில் ஏறுவதற்குள் ஒரு சுற்று போய்விட்டு வருவோம். என் முழங்கால் ஆச்சே தெரு வரை தாங்கும், அதற்கு மேல் பேச்சாதான். நீ பேசு, நான் சுற்றுலாப் பயணி மாதிரி கேட்டுக்கொண்டு வருகிறேன். நடுநடுவே தொந்தரவான கேள்வியும் கேட்பேன். சியூ துறையில் அந்தப் பாட்டியின் மகள் இருக்கிறார், உன்னை அறிமுகம் செய்ய வேண்டும். ஆரஞ்சு நான் வாங்கி வருகிறேன். நீ அந்தக் கயிறு கட்டும் ஷூவைப் போட்டுக்கொண்டு வராதே. சட்டென்று கழற்றி மாட்டுகிற செருப்பாகப் பார்த்துப் போட்டு வா. காலையில் மட்டும் ஐந்து இடத்தில் கழற்ற வேண்டியிருக்கும்.